பதில்: ஹாஸ்கெல்லில் கான்ஃபிக்கை எங்கே வைப்பது?

வணக்கம். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் பில் போடும் மென்பொருள் எழுதுவதாகவும், வரி விகிதம், டேட்டாபேஸ் முகவரி போன்ற கான்ஃபிக்கை (அமைப்பு விவரங்களை) பத்து ஃபங்ஷன் தாண்டிக் கடத்த வேண்டியிருப்பதால் அன்சேஃப்பெர்ஃபார்ம்ஐஓ (ஃபைல் படிப்பது போன்ற வேலையைச் சாதாரண மதிப்பு போலக் காட்டும் குறுக்குவழி) போட்டு குளோபலாக வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். 'விரிக்காதே' என்று சொல்லும் நோஇன்லைன் குறிப்பை மறந்தால் கம்பைலர் அதைப் பல இடங்களில் விரிக்கக்கூடும். ஃபைல் பலமுறை படிக்கப்படலாம். அதைவிட, டெஸ்டில் வேறு வரி விகிதம் கொடுத்துப் பார்க்க வழியில்லாமல் போகும். அதுதான் பெரிய இழப்பு.

நிரல் தொடங்கும் மெயினிலேயே எல்லாவற்றையும் ஒரே முறை படித்து, சரிபார்த்து, ஒரு ரெக்கார்டாக்குங்கள், அதாவது பெயரிட்ட புலங்கள் கொண்ட ஒரே மதிப்பாக்குங்கள். ஏதாவது குறைந்தால் நிரல் அங்கேயே நிற்கட்டும். சாயங்காலம் லாரியில் கல் ஏற்றும் நேரத்தில் பில் வராமல் தவிப்பதைவிட, காலையில் கடை திறக்கும்போதே தெரிவது எவ்வளவோ மேல். அப்புறம் ஐஓ (ஃபைல், டேட்டாபேஸ் போன்ற வெளி வேலைகளுக்கான டைப்) மேல், அந்த ரெக்கார்டைப் பின்னணியில் கடத்தும் ரீடர்டி என்ற உறையை வையுங்கள். நடுவில் இருக்கும் ஃபங்ஷன்கள் கான்ஃபிக்கைத் தொடவே வேண்டாம். தேவைப்படும் இடத்தில் ஆஸ்க்ஸ் என்ற ஃபங்ஷனைப் போட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சதுர அடிக்கு விலை கணக்கிடும் ஃபங்ஷனை ரீடருக்குள் இழுக்காதீர்கள். கான்ஃபிக்கிலிருந்து அதற்கு வரி விகிதம் என்ற ஒரே எண் போதும், சாதாரண ஆர்க்யுமென்டாகவே கொடுங்கள்.

நானும் உங்கள் பக்கம்தான், காரைக்குடி. எங்காவது சிக்கினால் அந்த ஃபங்ஷனின் டைப் சிக்னேச்சரை (எதை வாங்கி எதைத் தரும் என்று சொல்லும் வரியை) இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.