ஒரு பக்கம் முடிவதற்குள் "அம்மா!": இரண்டு குழந்தைகளுக்கு நடுவே எப்படிப் படிப்பது?

கேள்வி: எனக்கு நான்கு வயதில் மகள், ஒன்றரை வயதில் மகன். வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். திருமணத்துக்கு முன் தடித்தடியான நாவல்களைக்கூட சில நாட்களில் முடித்துவிடுவேன். இப்போது புத்தகத்தைப் பிரித்தால் ஒரு பக்கம் தாண்டுவதில்லை. சின்னவன் கையில் கிடைக்கும் புத்தகத்தைக் கிழிக்கிறான், இல்லையென்றால் வாயில் வைக்கிறான். பெரியவள் ஒரே கதையைத் தினமும் படிக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கிறாள். போனில் படிக்கலாம் என்றால் இருவருக்கும் போன் வேண்டும். "பிள்ளைகளைப் பார்க்கிற வயசுல என்ன புஸ்தகம்" என்கிறார் மாமியார். அலமாரியில் இருக்கும் பழைய புத்தகங்களிலோ பூச்சி. ஏதாவது வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவது எப்படி என்பது ஒன்று. நீங்கள் படிப்பது எப்படி என்பது இன்னொன்று. நூலகத்தில் குழந்தைகள் பிரிவைக் கவனித்துக்கொண்ட காலத்தில் நான் பார்த்த அம்மாக்களில் பலர் முதலாவதைச் செய்துவிட்டு, இரண்டாவதும் அதிலேயே நடந்துவிட்டதாகச் சமாதானம் செய்துகொள்வார்கள். யானைக் கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பது உங்கள் வாசிப்புக் கணக்கில் வராது. அது பிள்ளைக்காகச் செய்கிற வேலை. நல்ல வேலைதான், ஆனாலும் வேலை. உங்களுடைய வாசிப்புக்குத் தனியாக நேரம் வேண்டும். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சின்னவன் மதியம் தூங்குவான் இல்லையா? அவன் கண்ணை மூடியதும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: பாத்திரம் கழுவி, துணி மடித்து, அடுப்பைத் துடைத்துவிட்டு, "இப்போ கொஞ்சம் படிக்கலாம்" என்று உட்கார்ந்தால் அவன் எழுந்துவிடுவான். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். அவன் தூங்கியதும் முதல் இருபது நிமிடம் புத்தகம். பாத்திரம் அதற்கப்புறம். காரணம் எளிது. பிள்ளை விழித்திருக்கும்போதும் பாத்திரம் கழுவலாம், துணி மடிக்கலாம். அவனுக்கே ஒரு டம்ளரையும் கரண்டியையும் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிடலாம். நாவலின் நடுப்பகுதியை அப்படிப் படிக்க முடியாது. அவன் விழித்திருக்கும்போது செய்யவே முடியாத வேலைக்குத்தான் அவனுடைய தூக்கத்தைச் செலவழிக்க வேண்டும்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படியுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை இரவில் எத்தனை முறை எழுப்புகிறான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். தூக்கத்தை விற்றுப் படித்த பக்கங்கள் மனதில் நிற்பதும் இல்லை. அதற்குப் பதில் வீட்டில் இருக்கும் இன்னொரு பெரிய மனிதரிடம் கேளுங்கள். கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் பிள்ளைகள் அவர் பொறுப்பு என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இதை உதவி என்று கேட்க வேண்டாம், வேலையைப் பிரித்துக்கொள்வதாகவே கேளுங்கள்.

அடுத்தது, என்ன படிப்பது. நூலகத் துறையில் இருப்பவர்களுக்கு சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகள் பாலபாடம். நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நூலக ஊழியர்களுக்காகச் சொன்னது என்றாலும் அம்மாக்களுக்கு அப்படியே பொருந்துகிறது. கிடைக்கிற இருபது நிமிடத்தில் பாதி, எந்தப் புத்தகத்தை எடுக்கலாம் என்ற யோசனையிலும் போன முறை எங்கே விட்டோம் என்ற தேடலிலும் போய்விடும். அதனால் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை முடிவு செய்து, அலமாரியிலிருந்து எடுத்துத் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். பக்க அடையாளத்துக்கு ஒரு வெள்ளைத் தாளை மடித்து வையுங்கள். நிறுத்தும்போது அதில் ஒரு வரி போதும்: "பெரியப்பா வந்துவிட்டார், நகை காணவில்லை." மூன்று நாள் கழித்துத் திறந்தாலும் கதை பிடிபட்டுவிடும். பெயர்கள் குழப்பும் மொழிபெயர்ப்பு நாவல்களுக்கு அதே தாளின் பின்புறத்தில் யாருக்கு யார் உறவு என்று குறித்துக்கொள்ளலாம்.

துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்துக்கு ஏற்ற எழுத்துகள் தமிழில் ஏராளம். வாரப் பத்திரிகைகளில் தொடராக வந்த பழைய நாவல்களை எடுத்துப் பாருங்கள். ஒரு வாரம் இடைவெளி விட்டுப் படிக்கும் வாசகருக்காகவே எழுதப்பட்டவை அவை. அத்தியாயம் சின்னது, அதற்கென்று ஒரு தலைப்பு உண்டு, முந்தைய வாரம் நடந்ததை ஆரம்பத்திலேயே லேசாக நினைவூட்டிவிடுவார்கள், முடிவில் ஒரு கொக்கி இருக்கும். இடையில் எத்தனை "அம்மா!" வந்தாலும் தாங்கும். இன்னும் சிறிய இடைவெளிக்குக் குறுந்தொகை இருக்கிறது. பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடிக்குள் ஒரு பாட்டு, மொத்தம் நானூற்றுச் சொச்சம். நல்ல உரையோடு கூடிய பதிப்பு ஒன்று வாங்கிவிட்டால், குக்கர் விசில் வருவதற்குள் ஒன்று படித்து, சாம்பார் கொதிக்கும்வரை அதையே அசைபோடலாம். ஐங்குறுநூறு இன்னும் குட்டி, மூன்று முதல் ஆறு அடிதான். சிறுகதைத் தொகுப்புகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பு விட்ட பெரிய நாவலை முடிக்காமல் இருப்பது உறுத்துகிறதா? அலமாரியிலேயே இருக்கட்டும், அது எங்கும் ஓடிவிடாது.

போன் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். நீங்கள் போனில் இலக்கியமே படித்தாலும் பிள்ளையின் கண்ணுக்கு அம்மா போன் பார்க்கிறாள், அவ்வளவுதான். காகிதப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் அம்மா படிக்கிறாள் என்று தெரியும், கொஞ்ச நாளில் மகள் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவாள். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் நேரம் கிடைக்கிறது என்றால் கிண்டில் போன்ற மின்-நூல் கருவி பரவாயில்லை. கறுப்பு வெள்ளைப் பக்கம், வீடியோ கிடையாது. பிள்ளைகளுக்கு இரண்டே நாளில் சலித்துவிடும்.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம்.

சின்னவன் கிழிப்பதைக் கெட்ட பழக்கமாக நினைக்க வேண்டாம். விரல்கள் புதிதாக வசப்பட்ட வயது. இழுத்தால் 'சர்ர்' என்று சத்தம் வருகிறது, ஒன்று இரண்டாகிறது. அவனுக்கு அது பெரிய வித்தை. அவன் கைக்குக் கெட்டி அட்டைப் புத்தகங்களும் துணிப் புத்தகங்களும் மட்டும் எட்டட்டும். தரையோடு ஒரு கூடை வைத்து ஐந்தாறு புத்தகங்களை முன்னட்டை தெரிகிற மாதிரி நிறுத்துங்கள். முதுகைக் காட்டி அடுக்கிய புத்தகம் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு வெறும் கட்டைதான். வாரத்துக்கு ஒருமுறை பாதியை மாற்றுங்கள். உங்கள் புத்தகங்கள் மேல் தட்டுகளில். அலமாரியை எல் வடிவக் கிளாம்பு போட்டுச் சுவரோடு கட்டாயம் பிணைத்துவிடுங்கள். தட்டுகளைப் படியாக நினைத்து ஏறுகிற வயது இது, புத்தகம் நிறைந்த அலமாரியின் கனம் சாதாரணமில்லை.

கிழிந்ததை ஒட்ட, அவனுடைய புத்தகங்களுக்கு செல்லோ டேப் போதும். உங்கள் பழைய நூல்களில் அதைத் தொடவே தொடாதீர்கள். சில வருடங்களில் அதன் பசை மஞ்சளாகி எழுத்தின் மேல் கறையாக நின்றுவிடும். மெல்லிய வெள்ளைத் தாளை நறுக்கி மைதா பசையால் ஒட்டுங்கள். பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி வராமலிருக்க அந்தப் பசையில் மயில் துத்தம் கலப்பதுண்டு. அது விஷம், குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

பெரியவள் ஒரே கதையைக் கேட்பது உங்களுக்குத்தான் அலுப்பு. அவளுக்கு அதில் காரியம் இருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளைகள், அதே சொற்களை வேறு வேறு கதைகளில் கேட்ட பிள்ளைகளைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அதனால் அந்தக் கதையை விட்டுவிட வேண்டாம். நீங்கள் படிக்கும் விதத்தை மட்டும் மாற்றலாம். வரியின் கடைசி வார்த்தையை விழுங்கிவிட்டு அவளைச் சொல்ல விடுங்கள். இன்னொரு நாள் அவளையே "படிக்க"ச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்லுவாள். தம்பிதான் அவளுடைய வாசகன், அந்த நேரம் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

பல அம்மாக்கள் கேட்கும் ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். புத்தகத்தில் "கரடி சென்றது" என்று இருந்தால் "கரடி போச்சு" என்று மாற்றிப் படிக்கலாமா? சின்னவனுக்குத் தாராளமாக. பேச்சுத் தமிழில், உங்கள் கொங்குத் தமிழிலேயே சொல்லுங்கள். மகளுக்கு முதல் இரண்டு தடவை பேச்சில் சொல்லிவிட்டு, அப்புறம் புத்தகத்தில் உள்ளபடியே படியுங்கள். பள்ளியில் பாடப்புத்தகத்தைத் திறக்கும்போது அந்த மொழி அவளுக்கு அந்நியமாக இருக்காது.

நல்ல படப் புத்தகங்களுக்குச் சென்னையின் தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் மூன்றின் பட்டியலையும் பாருங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிடித்ததை அச்செடுத்துத் தைத்துக்கொண்டால் கிழிந்தாலும் நஷ்டமில்லை.

மாமியாரோடு வாதம் செய்யாதீர்கள், வேலை கொடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு நம்மைவிட நன்றாகக் கதை சொல்லத் தெரியும், கேட்கத்தான் ஆள் இல்லை. "அத்தை, உங்க ஊர்த் தேர்க் கதையை இவளுக்குச் சொல்லுங்களேன்" என்று மகளை மடியில் உட்கார வைத்துவிடுங்கள். படிக்கச் சிரமப்படுகிறவர் என்றால் வார்த்தையே இல்லாத படப் புத்தகங்கள் இருக்கின்றன, இஷ்டப்படி சொல்லலாம். பேத்திக்குப் பாட்டியின் கதை, உங்களுக்கு அரை மணி நேரம். அவர் முணுமுணுப்பு முழுதாக நின்றுவிடும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்!

பூச்சி விஷயம். வெள்ளி நிறத்தில் மீன் மாதிரி நெளிந்து ஓடுவது ராமபாணப் பூச்சி. ஈரம் இருக்கும் இடத்தைத் தேடி வரும், பைண்டிங் பசையில் உள்ள மாவு அதன் சாப்பாடு. பாச்சை உருண்டை என்கிற நாப்தலீன் உருண்டை வேண்டவே வேண்டாம். மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது அது. தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு ஆகியவற்றை இடித்து, கற்பூரம் சேர்த்துத் துணி முடிச்சாக வைக்கும் வழக்கம் உண்டு. நீங்கள் கற்பூரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அதுவும் சிறு பிள்ளைகள் விழுங்கினால் ஆபத்து. முடிச்சுகளை மேல் தட்டில் வையுங்கள். இதெல்லாம் துணைதான். முக்கிய வைத்தியம் காற்று. கிளாம்பு போட்டுப் பிணைக்கும்போதே அலமாரிக்கும் சுவருக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். மாதம் ஒருமுறை புத்தகங்களை எடுத்து, பக்கங்களை விசிறித் தூசி தட்டி, நிழலில் காற்றாட வையுங்கள். சுள்ளென்ற வெயிலில் போட்டால் தாள் பழுத்து மொறமொறத்துவிடும்.

கடைசியாக, எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்காதீர்கள். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். 1948ஆம் வருடச் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு அது. கட்டுகிறோம், பயன்படுத்திக்கொள்வோமே. உங்கள் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை, மகள் பெயரில் ஒன்று எடுக்க முடியுமா என்று கிளை நூலகத்தில் கேளுங்கள். நூலகத்துக்கு வர இயலாதவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுவரும் 'நூலக நண்பர்கள்' என்ற திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. உங்கள் கிளையில் நடக்கிறதா என்று அப்போதே விசாரித்துவிடுங்கள். ஆகஸ்டில் உங்கள் ஊர்ப் புத்தகத் திருவிழா வரும்போது மகளை மட்டும் கூட்டிக்கொண்டு, வாங்க வேண்டியதை முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொண்டு, கூட்டம் குறைவான வார நாளில் போய் வாருங்கள். சின்னவனைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போங்கள். அவன் அரங்குக்குள் நுழைந்தால் எத்தனை புத்தகத்துக்குப் பணம் கட்ட வேண்டிவரும் என்று சொல்ல முடியாது.