வாயால் மட்டுமா கதைக்கிறோம்? கேள்வியும் பதிலும்

கேள்வி: டவுனில் நடந்த பயிற்சி வகுப்பொன்றில், கருத்துப் பரிமாற்றத்தில் சொல்லுக்கு 7 வீதம்தான், மிச்சமெல்லாம் குரலும் உடல்மொழியும் என்றார்கள். உண்மையா அண்ணை?

பதில்: இல்லை தம்பி. அந்தக் கணக்கு அல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளரின் 1967 ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒற்றைச் சொல்லைச் சொல்லும்போது சொல் ஒன்றும் குரலோ முகமோ வேறொன்றுமாக இருந்தால், பேசுகிறவருக்கு நம்மைப் பிடிக்குமா பிடிக்காதா என்று எதை வைத்து முடிவெடுக்கிறோம் என்பதைத்தான் அதில் பார்த்தார்கள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு "எனக்குக் கோபமில்லை" என்றால் யார் நம்புவது, அந்த அளவில் சரி. அதை எல்லாப் பேச்சுக்கும் இழுத்தால் எப்படி? மூதூர் பஸ் எத்தனை மணிக்கு என்பதை வாய் திறக்காமல் 93 வீதம் சொல்லிக் காட்டட்டும், பார்ப்போம். உணர்வும் விருப்பு வெறுப்பும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார்.

கேள்வி: உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் வேலை. நான் தலையாட்டினால் வெள்ளைக்காரருக்கு ஓமா இல்லையா என்று விளங்குவதில்லை.

பதில்: அவர்களுக்கு மேலும் கீழும் ஆட்டினால் ஓம், இரண்டு பக்கமும் திருப்பினால் இல்லை. நாங்கள் தோள் பக்கம் சரிக்கிறோம், அது அவர்கள் கணக்கிலேயே இல்லை. பல்கேரியாக்காரர் வந்தால் இன்னும் கூத்து, அங்கே ஓமும் இல்லையும் தலைகீழ். தலை ஆடட்டும், கூடவே வாயாலும் "யெஸ்" சொல்லிவிடுங்கள்.

கேள்வி: போனில் அனுப்பும் இமோஜி எந்த வகை, சொல்லா உடல்மொழியா?

பதில்: எழுத்தில் குரலும் முகமும் இல்லாத குறைக்கு ஒட்டுப்போடுவது.

கேள்வி: காது கேளாதவர்களின் சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதானே?

பதில்: இல்லை தங்கச்சி. அமெரிக்கருக்கும் பிரித்தானியருக்கும் ஆங்கிலம் பொது, ஆனால் அவர்களின் சைகை மொழிகள் வேறு வேறு. அமெரிக்கச் சைகை மொழிக்குப் பிரெஞ்சுச் சைகை மொழிதான் சொந்தம். கரைவலை இழுக்கும்போது கரையில் நின்று துணி வீசிக் காட்டுவார்களே, அது வெறும் அடையாளம். இந்தப் பக்கம் இழு, நிறுத்து, அவ்வளவுதான் அதற்குள் அடங்கும். சைகை மொழியில் நேற்றைய சண்டையையும் சொல்லலாம், பகிடியும் விடலாம். அதற்கும் இலக்கணம் இருக்கிறது என்று வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1960இலேயே எழுதிக் காட்டிவிட்டார்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து அம்மாவோடு கதைத்தால் தினமும் "சாப்பிட்டியா" மட்டும்தான். இதுவும் பரிமாற்றமா?

பதில்: ஓம். தகவலுக்காக இல்லாமல் உறவு விடாமலிருக்கப் பேசுவதை மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923இலேயே தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். உங்கள் குரல் சரியாக இருக்கிறதா என்றுதான் அம்மா பார்க்கிறா. அதனால் "ம்" என்று டைப் பண்ணி அனுப்பாமல் ஒரு வொய்ஸ் போடுங்கள்.