பாதாளத் தவளைக்கு எந்தப் பெயரை எழுதுவது?

கேள்வி: ராஜபாளையத்தை அடுத்த மலையோடை ஒன்றில், ஐப்பசி மழையின்போது பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த தலைப்பிரட்டைகளைப் படமெடுத்தோம். பள்ளிக் கண்காட்சிப் பலகையில் பாதாளத் தவளையின் அறிவியல் பெயராக ‘நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ்’ என்று எழுதலாமா? ‘பூபதி’ என்பதே சரி என்கிறார் நண்பர் ஒருவர்.

பதில்: நண்பர் சொல்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால், படத்தில் இருப்பது பாதாளத் தவளையின் குஞ்சுதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நீர் கசியும் பாறைமுகத்தில், ஏறக்குறைய ஓடைக்கு வெளியே, துள்ளி நகர்ந்தவை என்றால் அவை இந்திரானா என்ற வேறொரு தவளைப் பேரினத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். பாதாளத் தவளையின் குஞ்சுகளோ வேகமாகப் பாயும் நீருக்குள், உறிஞ்சி போன்ற வாயால் பாறையை இறுகப் பற்றிக்கொண்டிருப்பவை.

இந்தத் தவளையை அறிவியல் முதலில் அறிந்ததும் தலைப்பிரட்டையாகத்தான். தென்னிந்திய மலைகளில் கிடைத்த தலைப்பிரட்டைகளைப் பற்றி விலங்கியலாளர் நெல்சன் அன்னண்டேல் 1918இல் எழுதியபோது இதையும் விவரித்தார். வளர்ந்த தவளை மண்ணுக்கடியிலேயே வாழ்ந்து, இனப்பெருக்கத்துக்காக ஆண்டில் சில நாட்கள் மட்டும் வெளிவருவதால், அதற்கு முறையான பெயர் கிடைக்க மேலும் 85 ஆண்டுகள் ஆயின. இடுக்கி மாவட்டம் கட்டப்பனையில் கிடைத்த தவளையைக் கொண்டு, ஆய்வாளர்கள் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்க் போசைட்டும் 2003இல் புதிய குடும்பம், புதிய பேரினம், புதிய சிற்றினம் மூன்றையும் ஒருசேர அறிவித்தனர். ‘நாசிகா’ என்றால் வடமொழியில் மூக்கு, ‘பட்ராகஸ்’ என்றால் கிரேக்கத்தில் தவளை. ‘சஹ்யாத்ரென்சிஸ்’ என்பது சஹ்யாத்ரியை, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது என்று பொருள்படும். இதன் மிக நெருங்கிய உறவுத் தவளைகள் கடல் கடந்து செய்ஷெல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன என்பது இன்றும் என்னை வியக்க வைக்கும் செய்தி.

ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயத்தில் கிடைத்த தவளை 2017இல் ‘நாசிகாபட்ராகஸ் பூபதி’ என்று தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்டது. கோவை சாலிம் அலி மையத்தில் பணியாற்றி, 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்த ஊர்வனவியலாளர் சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக வைத்த பெயர் அது. மேற்குச் சரிவில் வாழும் சஹ்யாத்ரென்சிஸ் தென்மேற்குப் பருவமழையையும், கிழக்குச் சரிவில் வாழும் பூபதி வடகிழக்குப் பருவமழையையும் ஒட்டி இனப்பெருக்கம் செய்கின்றன. உங்கள் ஓடை கிழக்குச் சரிவில் இருப்பதும், நீங்கள் பார்த்தது ஐப்பசியில் என்பதும் ஆகிய இரண்டுமே பூபதியைத்தான் சுட்டுகின்றன. எனினும், மரபணுச் சோதனையின்றிப் படத்தை மட்டும் வைத்து முடிவாகச் சொல்வது முறையன்று. ஆதலால், ‘நாசிகாபட்ராகஸ், பூபதியாக இருக்கக்கூடும்’ என்று எழுதி, இடத்தையும் தேதியையும் தவறாமல் சேருங்கள். தமிழ்ப் பெயராக, பலரும் எழுதும் ‘ஊதாத் தவளை’யைவிட, அதன் வாழ்வையே சொல்லும் ‘பாதாளத் தவளை’யை நான் விரும்புவேன். மாதிரிக்காகக்கூட ஒரு குஞ்சையும் பாறையிலிருந்து பெயர்த்து எடுக்க வேண்டாம், படமே போதும்.