பொர்தோ வைன் கயர்க்கிறதா? முதலில் போத்தலைக் குளிரவையுங்கள்

கேள்வி: பிரான்ஸிலிருந்து வந்த மச்சான் இரண்டு போத்தல் பொர்தோ சிவப்பு வைன் தந்தார். ஒன்றைக் கிளிநொச்சி வீட்டில் இறால் பிரட்டலோடு குடித்தோம். நாக்கு வரண்டு கயர்த்தது, வாய் எரிந்தது. மற்றதை எப்படிக் குடித்தால் ருசி தெரியும்?

பதில்: வைனில் பிழை இருக்காது. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பார்களே, அது பிரான்ஸ் அறை: 16 முதல் 18 பாகை செல்சியஸ். வன்னியில் 30 பாகையில் கிடந்த போத்தலைத் திறந்தால் மதுசாரம்தான் முதலில் மூக்கில் ஏறும், பழவாசம் அமுங்கிவிடும். ஆகவே குடிப்பதற்கு முன் ஒரு மணித்தியாலம் பிரிஜ்ஜில் வையுங்கள். ஐஸ் போட வேண்டாம்.

அடுத்தது இறால் பிரட்டல். கயர்ப்புக்குக் காரணம் திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின். அது உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வரளுகிறது. மிளகாய் உறைப்பு அந்தக் கயர்ப்பையும் மதுசாரத்தின் எரிவையும் கூட்டும். கடலுணவோடு சிலவேளை இரும்புச் சுவையும் வரும். கொழுப்புள்ள ஆட்டிறைச்சியை மிளகாய்த்தூள் குறைத்து, மிளகு போட்டுப் பிரட்டுங்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினை அடக்கும்.

பிரான்ஸின் பொர்தோ பகுதி வைன் பெரும்பாலும் மெர்லோ, கபர்னே சோவினியோன் போன்ற திராட்சை இனங்களின் கலவை. மெர்லோ முந்திப் பழுக்கும், கபர்னே சோவினியோன் பிந்தும்; ஒன்று மழையிலோ பனியிலோ கெட்டால் மற்றது கைகொடுக்கும். மூன்று மாத நெல்லும் மூன்றரை மாத நெல்லும் பிரித்து விதைக்கிற கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. லேபிளில் மெடொக் என்று பொர்தோவின் ஒரு பகுதியின் பெயர் இருந்தால் பெரும்பாலும் கபர்னே ஓங்கியிருக்கும், கயர்ப்பும் கூட. செந்த் எமிலியோன், பொமரோல் ஆகிய பகுதிகள் என்றால் மெர்லோ. உங்களுக்கு அதுதான் தோது.

கிளாஸில் மூன்றிலொரு பங்கு ஊற்றி, சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். சாராயம்போல மடக்கென்று விழுங்காமல் வாயில் சில விநாடி உருட்டுங்கள். நடுவில் மெத்தென்று பிளம்ஸ் பழம்போல வருவது மெர்லோ. கறிமிளகாய் வெட்டும்போது எழும் பச்சை வாசம் தெரிந்தால் அது கபர்னே குடும்பம். முரசில் பிடிப்பதுதான் டானின். விழுங்கிய பிறகும் பழச்சுவை நின்றால் நல்ல வைன். (சிகரெட் பிடிப்பவர் பக்கத்தில் இருந்தால் இதில் பாதியும் தெரியாது.)

இளம் வைனென்றால் ஒரு யக்கில் ஊற்றி அரை மணித்தியாலம் விடுங்கள், கயர்ப்பு கொஞ்சம் இளகும். மிஞ்சியதைத் தக்கையால் மூடி பிரிஜ்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். திறக்காத போத்தலை நத்தார்வரை அலுமாரியில் வைத்திருக்காதீர்கள். தகரக் கூரையின் சூட்டில் வைன் வெந்து, தக்கையும் மேலே தள்ளும்.