வாசகர் கேள்வி – பதில்: பழைய தோட்டாவின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

கேள்வி: பழைய வீட்டைப் பிரிக்கும்போது மச்சில் ஒரு தகர டப்பாவில் ஆறு தோட்டாக்கள் கிடைத்தன. தாத்தா ரப்பர் எஸ்டேட்டில் இருந்தவர். பின்பக்கத்தில் கே, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் 42 என்ற எண்ணும் ரோமன் எண்ணில் ஏழும் இருக்கின்றன. இவை எந்தத் துப்பாக்கிக்கு உரியவை? நினைவாக வைத்துக்கொள்ளலாமா?
(ஒரு வாசகி, குலசேகரம்)

பதில்: நீங்கள் படித்தவை மூன்று தனிச் செய்திகள். கே எஃப் என்பது செய்த இடம்: புனே அருகே கிர்க்கி, இன்றைய கட்கி, அங்கே 1869-இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை. 42 என்பது செய்த ஆண்டு, 1942. ரோமன் ஏழு என்பது '.303 மார்க் 7' என்ற ரகம். அதாவது, பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டா. இதையே .303 பிரிட்டிஷ் என்பார்கள், 7.7×56 ஆர் என்பார்கள். அந்த 'ஆர்', அடியில் விளிம்பு உள்ள கூடு என்பதைக் குறிக்கும்.

ஆனால் கே எஃப் என்று பார்த்தவுடனே .303 என்று முடிவு கட்ட வேண்டாம். அதே தொழிற்சாலை '12 போர்' (bore) எனும் சிதறுகுண்டுத் துப்பாக்கியின் தோட்டாவும் செய்திருக்கிறது. முத்திரை பிறந்த ஊரைச் சொல்லும். ரகத்தை அளவுதான் உறுதி செய்யும். வெர்னியர் காலிப்பர் இருந்தால், இருக்கும் இடத்தில் வைத்தே மெதுவாக அளந்து பாருங்கள். .303 என்றால் அடி விளிம்பு 13.7 மி.மீ., பித்தளைக் கூட்டின் நீளம் 56.4, குண்டு முனையோடு சேர்த்து மொத்தம் சுமார் 78. குண்டின் குறுக்களவு 7.9 வரும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். .303 அங்குலம் என்றால் 7.7 மி.மீ. அல்லவா, ஏன் 7.9 காட்டுகிறது? பெயரில் உள்ள எண் குழாயின் உள்வாய் அளவு. குழாயின் உள்ளே திருகலாக ஓடும் சுழல்வரிப் பள்ளங்களில் இறுகப் பிடித்துப் போக வேண்டும் என்பதற்காகக் குண்டு அதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். 7.9-ஐப் பார்த்துவிட்டு ஜெர்மன் 7.92 மவுசர் என்று நினைத்துவிடாதீர்கள். மவுசர் கூட்டின் நீளம் 57, அடியில் துருத்தும் விளிம்பும் கிடையாது.

குண்டின் முனையையும் பாருங்கள். கூரான முனை என்றால் 1910-இல் வந்த மார்க் 7, எடை 174 கிரெய்ன், அதாவது 11.3 கிராம். மழுங்கிய உருண்டை முனை என்றால் அதற்கு முந்தைய 215 கிரெய்ன் குண்டு. தோட்டாவின் அடியில், நடுவில் உள்ள கேப்பைச் (துப்பாக்கியின் ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடி) சுற்றி ஊதா வளையத்தின் மிச்சம் தெரிந்தால் சாதாரணக் குண்டு. சிவப்பு என்றால் ஒளிக்கோடு விட்டுப் போவது, பச்சை கவசம் துளைப்பது, நீலம் தீ வைப்பது. இந்த மூன்றில் எது தெரிந்தாலும் அளப்பதைக்கூட விட்டுவிட்டு விலகிவிடுங்கள்.

வைத்துக்கொள்ளக் கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். கேப்பில் ஊசி அடித்த பள்ளம் இல்லாமல், குண்டும் இருந்தால் அது உயிருள்ள தோட்டா. எண்பது வருடம் ஆனாலும் அப்படித்தான் கருத வேண்டும். பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம். எண்ணிக்கையைக் குறித்து, படம் எடுத்து, உங்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுக்கட்டும். தெரிந்த பிறகும் வைத்திருந்தால்தான் சிக்கல். குண்டை உருவி மருந்தைக் கொட்டிவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே இடியாப்ப இழை போல இருக்கும் கார்டைட் என்ற மருந்தில் நைட்ரோகிளிசரின் உண்டு, கேப்பும் அடி தாங்காது.

கேள்வி: எங்கள் வீட்டு உரிமத்தில் .315 என்று இருக்கிறது. ஒருவர் அதை 8 எம்.எம். என்கிறார், இன்னொருவர் மான்லிஷர் என்கிறார். மூன்றும் ஒன்றா?
(ஒரு வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: ஒன்றுதான். ஆஸ்திரிய ராணுவத்தின் 8×50 ஆர் மான்லிஷர் தோட்டாவே நம் நாட்டில் .315 ஆனது. .315 அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கினால் 8 மி.மீ. வரும். .303 ராணுவ ரகமாக இருந்ததால் பொதுமக்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்தை இது பிடித்தது. இஷாப்பூரில் லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே இதற்கு ரைஃபிள் செய்தார்கள். துப்பாக்கி பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால்தான் தோட்டாவும் மாறிப்போகிறது. .315-இன் கூடு 50.4 மி.மீ., விளிம்பு 14.1. பக்கத்தில் .303-ஐ நிறுத்தினால் கூட்டிலேயே 6 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

'8 எம்.எம்.' என்ற பேச்சுவழக்கு மட்டும் ஆபத்தானது. 8 எம்.எம். மவுசர் வேறு தோட்டா. எழுதும்போது 8×50 ஆர் என்று நீளத்தோடு எழுதுங்கள்.

கேள்வி: .577/450 என்பது பின்னமா? கூடு கசங்கிய தகடு போல இருக்கிறது, ஆண்டும் இல்லை.
(ஒரு வாசகர், பூதப்பாண்டி)

பதில்: பின்னம் அல்ல. .577 என்பது தாய்க் கூடு, .450 என்பது அதன் கழுத்தைச் சுருக்கிப் பொருத்திய குண்டின் அளவு. 1871-இல் வந்த மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் தோட்டா. ஆரம்பத்தில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டித்தான் கூடு செய்தார்கள். நீங்கள் சொல்லும் கசங்கல் அதுதான். பிறகுதான் ஒரே துண்டாக இழுத்துச் செய்த கூடு வந்தது. கூட்டின் நீளம் சுமார் 59.7 மி.மீ., உள்ளே 85 கிரெய்ன் கரிமருந்து. கழுத்துச் சுருக்கமே இல்லாமல் நேராக, 51 மி.மீ. நீளத்தில் இருந்தால் அது அதற்கு முந்தைய .577 ஸ்னைடர்.

பெயர்க் குழப்பத்தில் மிக மோசமானது .375 தான். இடுப்பில் வார் போட்டது போல அடியில் ஒரு வளையம் இருந்தால் 1912-இன் .375 ஹாலண்டு அண்டு ஹாலண்டு மேக்னம். விளிம்பு மட்டும் இருந்தால் இரட்டைக்குழலுக்கான ஃபிளாஞ்ச்டு. இரண்டும் இல்லாமல் 57 மி.மீ. கூடு என்றால், 9.5 மான்லிஷர்-ஷோனவர் என்று ஐரோப்பாவில் சொல்வதையே இங்கிலாந்தில் .375 ரிம்லெஸ் என்று விற்றார்கள்.

கேள்வி: எழுத்து தெரியவில்லை. புளி போட்டு விளக்கு துலக்குவது போலத் துலக்கலாமா?
(ஒரு வாசகி, குளச்சல்)

பதில்: காலிக் கூடாக இருந்தாலும் வேண்டாம். புளி, கேப்பைச் சுற்றிய வண்ண வளையத்தை முதலில் அழித்துவிடும். அம்மோனியா கலந்த பாலிஷ் அதைவிடக் கெடுதல். மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டதை 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் பார்த்தார்கள். சிறுநீரின் அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கம் கிடைத்தது. மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறைக்கும் இது பொருந்தும். உங்கள் ஊர்க் கடற்காற்றில் உப்பும் ஈரமும் வேறு இருக்கின்றன.

காலிக் கூடு என்றால் இப்படிச் செய்யுங்கள். உலர்ந்த கோலமாவை விரல்நுனியில் தொட்டு அடியில் மெல்லத் தடவி, மேலே உள்ளதை மட்டும் துணியால் துடைத்துவிடுங்கள்; பள்ளத்தில் நிற்கும் மாவு எழுத்தைக் காட்டும். செல்போன் டார்ச்சை நேராகப் பிடிக்காமல், கூட்டின் மட்டத்துக்கே தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள். டி ஐ-யும் நடுவில் அம்புக்குறியும் தெரிந்தால் கல்கத்தா அருகே டம்டம், ஆர் எல் என்றால் இங்கிலாந்தின் உல்விச், டி ஏ சி என்றால் கனடா, எம் எஃப் என்றால் ஆஸ்திரேலியாவின் ஃபுட்ஸ்க்ரே, ஓ எஃப் வி என்றால் சுதந்திரத்துக்குப் பிந்தைய, மகாராஷ்டிரத்தின் வரங்காவ். ரோமன் எண்ணோடு இசட் சேர்ந்திருந்தால் மருந்து கார்டைட் அல்ல, நைட்ரோசெல்லுலோஸ்.

கேள்வி: உதயகிரிக் கோட்டைப் பக்கம் உழுத வயலில் ஈய உருண்டை ஒன்று கிடைத்தது. முத்திரையே இல்லை.
(ஒரு வாசகர், தக்கலை)

பதில்: குழல்வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கியின் குண்டாக இருக்கலாம், அதற்குக் கூடும் முத்திரையும் கிடையாது. முதலில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். ஓட்டை இருந்தால் மீன் வலையில் கட்டும் ஈயம். இல்லையென்றால் அளந்து நிறுங்கள்: 17.5 மி.மீ. குறுக்களவும் 32 கிராமை ஒட்டிய எடையும் வந்தால், பழைய பிரிட்டிஷ் ராணுவத்தின் பிரவுன் பெஸ் மஸ்கெட்டின் குண்டோடு ஒத்துப்போகும். மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சைச் சுரண்டாதீர்கள். அது ஈயத்தின் துரு, நஞ்சு. தொட்டால் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.