பையனின் கண்மட்டத்தில் ஒரு கேமரா

கேள்வி: காப்ரியேலே சால்வதோரேஸ் இயக்கிய 'இயோ நோன் ஓ பாவுரா' (எனக்குப் பயமில்லை, 2003) என்ற இத்தாலியப் படத்தை அண்மையில் பார்த்தேன். கடத்தப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றிய கதை; ஆனால் மனத்தில் நிற்பதோ கோதுமை வயல். இப்படிப்பட்ட கதைக்கு இத்தனை அழகு தேவைதானா? பையன் வளர்வதை இயக்குநர் எங்கே காட்டுகிறார்?

பதில்: தேவைதான். அந்த அழகை எந்த உயரத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைக் கவனித்தால் காரணம் விளங்கும். சால்வதோரேஸும் ஒளிப்பதிவாளர் இத்தாலோ பெத்ரிச்சியோனேயும் கேமராவைப் பெரும்பாலும், கடத்தப்பட்டவனைக் கண்டுபிடிக்கும் சிறுவன் மிக்கேலேயின் கண்மட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். வளர்ந்தவர் நின்று பார்த்தால் முற்றிய கோதுமை வயல் தொடுவானம் வரை விரிந்த வெளி. பையனுக்கோ அதே பயிர் மார்பளவு நிற்கிறது, குனிந்தால் ஆளையே மறைத்துவிடுகிறது. 1978-ஆம் ஆண்டுக் கோடையில், தெற்கு இத்தாலியில் சில வீடுகளே உள்ள ஒரு குக்கிராமத்தில் நடக்கும் இக்கதையில், பிள்ளைகளின் உலகத்துக்கு எல்லை வகுப்பது அந்தப் பயிர்தான்.

பையன் வளர்வது குழியருகே நிகழ்கிறது. தங்கையின் மூக்குக்கண்ணாடியைத் தேடி இடிந்த வீட்டுக்குத் திரும்பும் மிக்கேலே, தரையில் கிடக்கும் தகரத்தைத் தூக்கி உள்ளே பார்க்கிறான். போர்வைக்கு வெளியே நீண்டிருக்கும் ஒரு பாதம் மட்டும் தெரிகிறது. அதுவரை பெரியவர்களை அண்ணாந்து பார்த்தே பழகியவன் இங்கே ஒருவனைக் குனிந்து பார்க்கிறான். கேமரா குழிக்குள்ளிருந்து மேலே பார்க்கும்போதோ, வெளிச்சத்துக்கு எதிரே அவன் தலை நிழலுருவாகத் தெரிகிறது. உள்ளே கிடக்கும் பிலிப்போ, கடத்தப்பட்ட அந்தச் சிறுவன், அவனைத் தன் காவல் தேவதை என்று எண்ணுவதில் வியப்பில்லை. தன்னை நம்பிக் கீழே ஓர் உயிர் இருக்கிறது என்ற பொறுப்பு அவன் தோளில் ஏறிவிட்டதை வசனத்துக்கு முன்பே இந்தக் கோணம் சொல்லிவிடுகிறது.

பெரியவர்களின் உலகம் அவனுக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. ஓரிரவு அவன் மறைந்திருந்து பார்க்கையில், தொலைக்காட்சிச் செய்தியில் பிலிப்போவின் தாய் மகனுக்காக மன்றாடுகிறாள். அதைக் கடத்தலில் ஈடுபட்ட மிக்கேலேயின் தந்தையும் கூட்டாளிகளும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுபதுகளின் இத்தாலியில் பணத்துக்காக ஆட்களைக் கடத்துவது அடிக்கடி நடந்த கொடுமை. அந்த வரலாறு இப்படத்துக்குள் வருவது, தூக்கத்திலிருந்து எழுந்து வந்த ஒரு பையன் எட்டிப் பார்க்கும் அளவுக்கு மட்டுமே.

குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் பொன்னிறம் காலண்டர் படத்தின் பக்கம் சாய்கிறது. போதாததற்குத் தந்தி வாத்தியங்களும் சேர்ந்துகொள்கின்றன (இசை இல்லாமலே விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது). இருந்தாலும், மிக்கேலே பிலிப்போவைக் குழியிலிருந்து வெளியே அழைத்துவரும் காட்சியை மறுபடி பாருங்கள். நெடுநாள் இருட்டில் கிடந்தவனுக்கு வெயிலில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. அத்தனை நேரம் நாம் ரசித்துக்கொண்டிருந்த அந்த வயலில் அவன் கண்களை இடுக்கிக்கொண்டு தடுமாறுகிறான்.