மெலிந்து ஒலிக்கும் செல்லோ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எலெக்ட்ரிக் செல்லோ வாசிக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. நாற்பது வயதுக்கு மேல்தான் வில்லைக் கையில் எடுத்தேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் வாசிக்க முடியும் என்பதால் கூடு இல்லாத இந்தக் கருவியை வாங்கினேன். பாட்டரி போடாத வகை. கேபிளை நேராக ஆடியோ இண்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) லைன் உள்ளீட்டில் செருகிப் பதிவு செய்கிறேன். கேட்டால் தகரத்தில் கம்பியைத் தேய்த்த மாதிரி இருக்கிறது. கடைசித் தந்தியில் சத்தமே இல்லை. ஒலியை மெருகேற்றும் மென்பொருள்கள், அதாவது ப்ளக்இன்கள், மூன்று வாங்கிப் பார்த்துவிட்டேன். நல்ல கண்டென்ஸர் மைக் வாங்கினால் சரியாகுமா? 96 கிலோஹெர்ட்ஸில் (வினாடிக்கு 96,000 மாதிரிகள்) பதிவு செய்ய வேண்டுமா? வில்லை இன்னும் அழுத்தியும் பார்த்தேன். ஒருவேளை என் கைக்கு இது வராதோ என்று தோன்றுகிறது.

க.

அன்புள்ள க.,

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துழாவும்போது என் முதல் வருடத்துப் பதிவு ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு வில்லிலும் நான் அழுத்துவது அதில் கேட்கிறது. அதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. கடைசி வரியைப் படித்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

96 கிலோஹெர்ட்ஸ் தேவையில்லை. 48 போதும். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் எடுங்கள். அந்தக் கேள்வி இதோடு முடிந்தது.

மூன்று ப்ளக்இன்களுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். கேபிள் எந்தத் துளைக்குள் போகிறது, அந்தத் துளைக்கு என்ன குணம் என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கருவியோடு வந்த கையேட்டைப் பிரிக்காமலே கை சரியில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

உங்கள் செல்லோவின் குதிரையில், அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டையில், அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இருக்கிறது. அது பீசோ வகை. அழுத்தம் பட்டால் மின்னூட்டம் காட்டும் பொருள். 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் கண்டறிந்த அதே சங்கதி. மின்சுற்றைப் பொறுத்தவரை அது ஒரு குட்டி மின்தேக்கி. அதில் பிறக்கும் மின்னூட்டம் மிகக் கொஞ்சம். எதிரே உள்ள உள்ளீட்டின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) குறைவாக இருந்தால் அந்த மின்னூட்டம் சேர்வதற்குள் வடிந்துவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான். வேகமாக ஊற்றினால் கொஞ்சம் நிற்கும், மெதுவாக ஊற்றினால் ஒன்றும் தேறாது. மெதுவாக ஊற்றுவது யார்? சத்தமே இல்லை என்கிறீர்களே, அந்தக் கடைசித் தந்தி, சி தந்தி. வினாடிக்கு 65 அதிர்வு.

கணக்கையும் போட்டுவிடுவோம். பிக்கப் 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன் உள்ளீடு சாதாரணமாக 10 கிலோ ஓம் அளவில் இருக்கும். அப்படியானால் ஏறக்குறைய 16,000 ஹெர்ட்ஸிலிருந்தே ஒலி சரியத் தொடங்குகிறது. அங்கிருந்து ஒவ்வொரு ஸ்தாயி கீழே இறங்கும்போதும் பாதியாகிறது. இருப்பதிலேயே மேலான ஏ தந்தி 220 ஹெர்ட்ஸ். அதுவே நொந்துபோய்த்தான் வந்து சேரும்; சி தந்தி அதிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். கெயினைத் திருகி ஒலியைப் பெருக்கினால் இரைச்சலும் கூடவே ஏறும். இண்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். அது பெரும்பாலும் 1 மெகா ஓம். சரிவு 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதுவே பெரிய வித்தியாசம், ஆனால் செல்லோவுக்கு அதுவும் முழுசாகப் போதாது. பீசோவுக்கென்றே செய்த ப்ரீஆம்ப்களில், அதாவது முன்பெருக்கிப் பெட்டிகளில், 10 மெகா ஓம் உள்ளீடு உள்ளவை உண்டு. அப்போது சரிவு 16 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், சி தந்திக்கு ஒரு குறையும் இருக்காது. ப்ரீஆம்ப்பைக் கருவியின் பக்கத்திலேயே, குட்டைக் கேபிளில் வையுங்கள். பாட்டரி போடும் செல்லோக்களில் இந்த வேலையை உள்ளே இருக்கும் சுற்றே செய்துவிடுகிறது. அவற்றை வைத்திருப்பவர்கள் லைனில் செருகினாலும் பிழைத்துக்கொள்வார்கள். உங்களுடையதும் என்னுடையதும் அப்படி இல்லை.

ஆமாம், என்னுடையதும். ஒரு வருடம் முழுக்க நான் லைன் உள்ளீட்டில்தான் செருகியிருந்தேன். தந்தி மாற்றினேன், ரோசினை இரண்டு தடவை மாற்றினேன். “தோளிலிருந்து எடை இறங்கட்டும், மணிக்கட்டை விடு” என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் எதிரே மரச்செல்லோவில் வாசிக்கும்போது எடை இறங்கும். இரவு ஹெட்ஃபோனை மாட்டியதும் அந்த மெலிந்த சத்தம் கேட்கும், கை தானாக அழுத்தத் தொடங்கும். அழுத்தினால் அடி ஒலி வராது, உரசல்தான் கூடும். உரசல் மேல் அதிர்வெண்களில் இருப்பதால் அந்த ஓட்டை வழியாக அது மட்டும் பத்திரமாக வந்து சேரும். காது கூசும். ஒலியின் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் அதை வெட்டுவேன். இன்னும் மெலியும். இன்னும் அழுத்துவேன். வருடக் கடைசியில் கட்டைவிரல் அடியில் வலி நிரந்தரமாகிவிட்டது. வயது கடந்து தொடங்கியவனுக்கு இவ்வளவுதான் என்று நானும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

ஒருநாள் ஒலிப்பதிவு தெரிந்த நண்பர் ஒருவர் வந்தார். என் வாசிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேபிளைப் பிடுங்கி, நடுவில் ஒரு சின்னப் பெட்டியை, அந்த ப்ரீஆம்ப்பைத்தான், வைத்து மறுபடி செருகினார். நான் அதே தந்தியில் அதே வில்லை இழுத்தேன். ஹெட்ஃபோனுக்குள் சி தந்தி அகலமாக விரிந்தது. வில்லைக் கீழே வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வலி போக நாலு மாதம் ஆனது. அழுத்தும் பழக்கம் போக அதற்கும் மேலே. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. நீங்கள் மூன்று வருடம் ஆயிற்று என்கிறீர்கள்.

அடி ஒலி வந்த பிறகும் உங்கள் செல்லோ கொஞ்சம் வறண்டுதான் இருக்கும். மரச்செல்லோவின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிரும். உங்களிடம் வயிறே இல்லை. மரச்செல்லோவின் குதிரையைத் தட்டி, எழும் ஒலியை மைக்கில் பிடித்துச் செய்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்புகள் கிடைக்கின்றன. அந்த மரப்பெட்டியின் ஒலிக்குணத்தை உங்கள் பதிவில் ஏற்றும் கன்வல்யூஷன் ப்ளக்இனில் அதைப் போட்டு, மூல ஒலியோடு பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். முழுக்க ஏற்றாதீர்கள், வில்லின் துல்லியம் மங்கிவிடும். அப்புறமும் கூசினால் 2,000க்கும் 4,000க்கும் நடுவே மூன்று டெசிபெல் அகலமாகக் குறையுங்கள். இதெல்லாம் பிறகு செய்வது. பதிவு மட்டும் வெறும் ஒலியாகவே இருக்கட்டும். ஆனால் வாசிக்கும்போது ஹெட்ஃபோனில் சிறிது ரிவர்ப் (அறையின் எதிரொலி போன்றது) வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட ஒலி மறுபடி உங்களை அழுத்த வைக்கும்.

இன்று இரவு ஒரு காரியம் செய்யுங்கள். வெறும் சி தந்தியில், வில்லின் எடை மட்டும் விழும்படி, ஒரு முழு வில்லைப் பத்து வினாடி இழுங்கள். முதலில் லைன் உள்ளீட்டில், பிறகு இன்ஸ்ட்ருமென்ட் பொத்தானை அழுத்தி. ப்ளக்இன் எதுவும் வேண்டாம். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். மைக் வாங்குவதைப் பற்றி அதைக் கேட்ட பிறகு பேசலாம்.